விழுந்த மரங்களுக்காக நடமாடும் மரக்காலை வாங்கலாமா?

கொக்கட்டிச்சோலைப் பக்கம் உங்கள் அம்மப்பாவின் காணியில், போன மாரிக்காற்றில் சாய்ந்த இரண்டு வேம்பும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரமும் கிடக்கின்றன. காய்ப்பு நின்ற தென்னை 20 நிற்கிறது. வேலியோரம் 14 தேக்கு. இவற்றைக் கொண்டே புது வீட்டுக்குக் கூரையும் கதவு நிலைகளும் செய்துகொள்ள ஆசை. மரக்காலைக்குக் கொண்டுபோனால் ஏற்றுக்கூலியும் அரிகூலியும் சேர்ந்து பலகையின் விலைக்கே வந்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். அதனால் பெற்றோலில் ஓடும் சிறிய நடமாடும் மரக்காலை இயந்திரம் ஒன்றை வாங்கலாமா, 9 குதிரைவலு போதுமா, 14 வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குதிரைவலுவுக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: 14. ஆனால் உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தபோது, அதற்குள் வேறொரு கேள்வி இருப்பதாகப் பட்டது. இந்த மரங்களை வீணாக்காமல் நல்ல பலகையாக்க முடியுமா, அதற்கு இயந்திரம் சொந்தமாக இருந்தே தீர வேண்டுமா என்பதுதான் அது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிட்டால் எதை எவ்வளவு நம்பலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். கல்முனைப் பக்கத்து மரக்காலை ஒன்றில் 11 ஆண்டுகள் பெரிய பட்டைவாளில், அதாவது சக்கரங்களில் ஓடும் நாடா வாளில், நின்றவன். கடந்த 9 ஆண்டுகளாக, உழவு இயந்திரத்தின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லக்கூடிய சிறிய இயந்திரம் ஒன்றை வைத்து, ஏறாவூர்ப்பற்றிலிருந்து திருக்கோவில் வரை காணி காணியாகப் போய் அரிந்து கொடுக்கிறேன். வேம்பு, தூங்குமூஞ்சி, மா, தென்னை, தேக்கு ஆகியவை என் கையில் நிறையப் பட்ட மரங்கள். மலைநாட்டு யூக்கலிப்டஸ், பைன் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை. மரவியல் படித்தவனும் அல்லன், சட்டத்தரணியும் அல்லன்.

முதலில் கணக்குப் பார்ப்போம். நம் மரக்காலைகளில் குற்றியை அளக்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. நடுச் சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவார்கள். ஹொப்பஸ் கணக்கு என்பது அதன் பெயர். 48 அங்குலச் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள குற்றி என்றால் கால் பங்கு 12 அங்குலம், அதாவது 1 அடி. ஆகவே 10 கன அடி. அந்தக் குற்றியின் உண்மையான கன அளவு ஏறத்தாழ 12.7 கன அடி. பட்டையோடு கழியும் புறவெட்டுக்கும் வாள் தூளாக்கித் தின்பதற்குமாக ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் கணக்கு இது. நீங்கள் தந்த அளவுகளின்படி இரண்டு வேம்பிலும் இப்படியான குற்றிகள் நான்கு தேறும், 40 கன அடி. தூங்குமூஞ்சியின் அடித்தண்டு 8 அடிச் சுற்றளவு, 8 அடி நீளம் என்கிறீர்கள், அது 32. தென்னையில் அடியிலிருந்து 15 அடி மட்டும் எடுத்தால், 36 அங்குலச் சுற்றளவுக்கு மரத்துக்கு எட்டரைக் கன அடி அளவில் வரும். 20 மரத்துக்கு 170. எல்லாம் சேர்த்து 240 கன அடி. அதிலிருந்து நல்ல பலகையும் சட்டமுமாகப் பாதி கிடைத்தால் திருப்திப்படலாம்.

சிறிய பட்டைவாள் இயந்திரத்தில் நானும் ஓர் உதவியாளும் நாள் முழுவதும் நின்றால் மென்மரத்தில் 25 முதல் 30 கன அடிப் பலகை எடுப்போம். வேம்பில் அது 20க்கு இறங்கும், தென்னையில் இன்னும் குறையும். புதிய ஆளுக்கு இதில் பாதி. ஆகவே உங்கள் காணியில் உள்ள வேலை முழுவதும், பழகிய ஆளுக்கு ஏழெட்டு நாள். உங்களுக்கு இரண்டு மூன்று வாரம். மூன்று வாரம் ஓடிவிட்டுத் தகரக் கொட்டிலில் துருப்பிடிக்கப் போகும் இயந்திரத்தை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அயலில் ஐந்தாறு பேருக்கு அரிந்து கொடுத்துப் பிழைப்பாகவே நடத்தும் எண்ணம் உண்டென்றால் கதை வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இன்னொன்றும் கவனித்தீர்களா? 8 அடிச் சுற்றளவு என்றால் குறுக்களவு 78 சென்ரிமீற்றர். நீங்கள் இணைப்புக் கொடுத்திருக்கும் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும் உச்ச அளவு 70 சென்ரிமீற்றர். உங்களிடம் உள்ள மிகப் பெரிய மரம் அந்த இயந்திரத்துக்குள் போகவே போகாது. அதை ஏற்றுவதானால் முதலில் இயந்திர வாளால், அதாவது செயின்சோவால், நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவருக்குப் பட்டைவாளே தேவைப்படாமல் போகலாம். செயின்சோவில் பொருத்தும் இரும்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் வெட்டுக்கு ஏணி ஒன்றைக் குற்றியின் மேல் ஆணியடித்து, அதன் மீது சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனால் முழு அகலப் பலகை வரும். குறுக்கே வெட்டும் சங்கிலியின் பல் 30 பாகைச் சரிவில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அரிய அதை 10 பாகைக்கு மாற்றித் தீட்ட வேண்டும். இல்லையென்றால் சங்கிலி மரத்தைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும்.

சங்கிலிக்கும் பட்டைவாளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு தூளில் தெரியும். பட்டைவாள் ஒரு வெட்டுக்கு 2 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாகத் தின்னும். சங்கிலி 8 மில்லிமீற்றராவது தின்னும். ஓர் அங்குலப் பலகை எடுக்கப் பத்து வெட்டுப் போட்டால், பட்டைவாளில் ஒரு பலகை அளவு தூளாகும், சங்கிலியில் மூன்று பலகை தூளாகும். மூன்று அங்குல மேசைப் பலகைக்கு இது பெரிய இழப்பன்று. கூரைச் சிலாகைக்கும் கைமரத்துக்கும் சங்கிலியை வைத்துக்கொண்டு அரிந்தால் வீட்டுக்கு மேல் கூரை இருக்காது, முற்றத்தில் மரத்தூள்தான் குவிந்திருக்கும். சுழன்று திரும்பும் வட்டவாள் வைத்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்து வகை இயந்திரங்களும் உள்ளன. அவற்றை இரண்டு நாள் மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பெரிய குற்றியை உருட்டாமல் கிடந்த இடத்திலேயே அரியலாம் என்பது மட்டும் நன்றாகப் பிடித்தது.

இனி வாள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் என்ஜின் பத்தில் இரண்டு பங்கு. பட்டைவாள் என்பது 32 அல்லது 38 மில்லிமீற்றர் அகலமும் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான தடிப்பும் உள்ள உருக்கு நாடா. அதை இரண்டு சக்கரங்களில் விறைப்பாக இழுத்துக் கட்டி ஓட்டுகிறோம். புதுவாள் போட்ட முதல் ஒரு மணி நேரம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போகும். பிறகு பலகை கடலலையாக வரத் தொடங்கும். ஓர் இடத்தில் ஓர் அங்குலம், அடுத்த முழத்தில் முக்கால், அதற்கடுத்துக் கணுவில் ஏறி ஒன்றே கால். அப்போது புதியவர்கள் இயந்திரத்தின் தண்டவாளத்தைப் பழிப்பார்கள், என்ஜினைப் பழிப்பார்கள். நான் பார்க்கும் வரிசை இது: முதலில் பல் மழுங்கியிருக்கிறதா, பிறகு விறைப்புத் தளர்ந்திருக்கிறதா, பிறகு பல்லின் நெளிப்பு, அதாவது பற்கள் மாறி மாறி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, இரு பக்கமும் சமமா, கடைசியாக நான் அவசரப்பட்டுத் தள்ளுகிறேனா. பத்தில் எட்டு முறை முதலாவதிலேயே நின்றுவிடும்.

பல்லின் முன்சாய்வும் மரத்துக்கு மரம் மாறும். மென்மரத்துக்கு 10 பாகை. வேம்பு, தென்னை போன்றவற்றுக்கு 7 அல்லது 4 பாகைச் சாய்வுள்ள வாளை வாங்குங்கள். சாய்வு கூடிய பல் வைரத்தை, அதாவது மரத்தின் இறுகிய பகுதியை, கொத்திக்கொண்டு மேலும் கீழும் ஓடும். இந்த வாள்களின் பல்நுனி சூடேற்றி இறுக்கப்பட்டது, ஆகையால் கை அரம் அதில் ஏறாது, வழுக்கும். சாணைச் சக்கரம் வைத்த தீட்டும் கருவி வேண்டும். பல்லின் நுனியை மட்டும் தீட்டாமல், பல்லுக்கு இடையிலுள்ள பள்ளம் முழுவதையும் மெல்லத் தொட்டுவர வேண்டும்; வாள் அறுவது அந்தப் பள்ளத்தில் விழும் நுண்ணிய வெடிப்பில்தான் தொடங்குகிறது. வெட்டும்போது சோப்புக் கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளில் விழட்டும். மாலையில் வேலை முடிந்ததும் விறைப்பைத் தளர்த்திவிட்டுப் போங்கள். வாளைத் தீட்டி வாங்க வேறோர் ஊருக்கு அனுப்ப வேண்டிய நிலையில் இயந்திரம் வாங்குவது, வெட்டுக்கத்தி வாங்கிவிட்டுச் சாணைக்காரரை எதிர்பார்த்து நிற்பதற்குச் சமம். குறைந்தது ஆறு வாளும் தீட்டும் கருவியும் சேர்த்து விலை போட்டுப் பாருங்கள், அதுதான் இயந்திரத்தின் விலை.

இரும்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுக் காணொளிகளில் இதைக் காட்டமாட்டார்கள். நம் மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நிலத்தைத் தேடினார்கள், சரி. மரத்துக்குள் யார் தேடினார்கள்? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் 40 வயதுக்கு மேற்பட்ட எந்த மரமும் எனக்குச் சந்தேகத்துக்குரியதுதான். வேலிக்கு முட்கம்பி அடித்த ஆணி, மாட்டைக் கட்டிய வளையம், கோயில் திருவிழாவுக்குக் கொடி கட்டிய கொக்கி, இவற்றோடு போர்க்காலச் சன்னமும் செல் துண்டும். துப்பாக்கிச் சன்னத்தின் ஈயமும் செம்பும் மென்மையானவை. வாள் பெரும்பாலும் அதை வெட்டிக்கொண்டே போய்விடும், பலகையில் ஒரு மினுக்கம் தெரியும். செல் துண்டு உருக்கு. அது ஒரே நொடியில் ஒரு வரிசைப் பல்லைக் கொண்டுபோய்விடும்.

2016இல் வாகரைப் பக்கம் ஒரு மருதமரம் அரிந்தேன். குற்றியின் வெட்டுமுகத்தில் நீலமும் கறுப்புமாக மை கொட்டியது போல் ஒரு கறை இருந்தது. துவர்ப்புச் சத்து அதிகமுள்ள மரத்தில் இரும்பு இருந்தால் இப்படித்தான் கறுக்கும் என்று எனக்குத் தெரியும். கறை அடிமுனையில்தானே இருக்கிறது, உள்ளே தூரம் போயிருக்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு வாளை விட்டேன். நான்காவது அடியில் வாள் அறுந்து காவல் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. உள்ளே பெருவிரல் அளவுத் துண்டு. அந்தக் காவல் தகடு இல்லாதிருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன். அன்றிலிருந்து கையில் பிடிக்கும் உலோகங்காட்டியால் ஒவ்வொரு பக்கத்தையும் பார்க்காமல் வாளைத் தொடுவதில்லை. அதுவும் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் பார்க்காது. ஆகையால் ஒவ்வொரு புறவெட்டும் கழன்ற பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். செம்பும் ஈயமும் இந்த மைக்கறையை உண்டாக்கா, எனவே கறை இல்லை என்பதால் உலோகம் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. கறை இருந்தால் இரும்பு இருக்கிறது என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். துண்டாக இல்லாமல் முழுப்பொருளாக ஏதேனும் தென்பட்டால் கையை எடுத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

தென்னையில் இந்தத் தொல்லை குறைவு. தென்னந்தண்டு ஆண்டுதோறும் பருப்பதில்லை. வேம்பு ஆணியை விழுங்கிக்கொள்ளும், தென்னை விழுங்காது. 30 ஆண்டுக்கு முன் அடித்த ஆணியும் மேற்பரப்பிலேயே கண்ணுக்குத் தெரியும். தென்னையின் தொல்லைகள் வேறு. மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும், வெள்ளை வெளியில் இருக்கும். தென்னையில் எல்லாம் தலைகீழ். வெளிச்சுற்று இரும்பு போல, நடுப்பகுதி தவிடு போல. அடியில் நல்லது, மேலே போகப் போக இளகும். அதனால் வழக்கமான முறையில் ஒரே போக்காக அரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு பலகையும் ஓரத்தில் கல்லாகவும் நடுவில் பஞ்சாகவும் வந்து, காயும்போது வளைந்துபோகும். குற்றியை நாலு பக்கமும் மாறி மாறித் திருப்பி, வெளிச்சுற்றிலிருந்து மட்டும் கைமரத்தையும் சிலாகையையும் கழற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் எஞ்சும் கட்டையை விறகுக்குக்கூட நான் பரிந்துரைப்பதில்லை. எது கல், எது பஞ்சு என்று ஐயம் வந்தால் பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்தால் கூரைக்கு ஆகாது. வாள் மழுங்கும் வேகத்தில் தென்னைக்கு நிகர் பனைதான். நுனியில் ஸ்டெலைட் என்ற கடின உலோகக் கலவை ஒட்டிய வாள் இருந்தால் நல்லது, இல்லையென்றால் இரண்டு தென்னைக்கு ஒரு வாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தென்னை கூரைக்கு நிற்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1978 நவம்பர் 23ஆம் தேதிப் புயலில் எங்கள் கரையோரத் தென்னைகள் சரிந்து கிடந்தபோது எனக்குப் பத்து வயது. அப்பாவும் மாமாவும் குழி தோண்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று இழுவாளால் அரிந்த கைமரங்கள் எங்கள் பழைய குசினியில் இன்றும் இருக்கின்றன. அடுப்புப் புகை அவற்றைக் காத்தது. அதே மரத்தில் செய்த வெளிக்கொட்டில் தூண்கள் நாலைந்து வருடத்தில் அடியில் உக்கிப்போயின. கூரைக்குக் கீழே, மழை படாமல், மண்ணைத் தொடாமல் இருந்தால் தென்னை நிற்கும். அதற்கு வெளியே அதை நம்பாதீர்கள்.

வேம்பைக் கதவு நிலைக்கும் யன்னல் நிலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கறையான் அதன் வைரத்தைச் சீக்கிரம் தொடாது. ஆனால் அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று மாறிச் சுழன்று போவதால் வாளையும் இழுக்கும், சீவுளியையும் இழுக்கும். உங்கள் ஓடாவி முணுமுணுப்பார், காதில் வாங்காதீர்கள். குற்றியின் நடு மையம் எந்தப் பலகைக்குள்ளும் வராதபடி பாருங்கள். மையத்தை உள்ளே வைத்துக்கொண்ட பலகை வெடிக்காமல் காய்ந்ததை நான் கண்டதில்லை. ஒரு முனை பருத்து மறுமுனை மெலிந்த குற்றியென்றால், மெலிந்த முனைக்குக் கட்டை கொடுத்து உயர்த்தி, நடு மையம் வாளுக்கு இணையாக வரும்படி நிறுத்திய பிறகே முதல் வெட்டு. தூங்குமூஞ்சியின் கபில நிற வைரம் அழகானது. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். ஆகவே முழு அகலத்தில் இரண்டரை அங்குல மேசைப் பலகையாக எடுக்கலாம். அதன் வெள்ளைப் பகுதி மட்டும் வண்டுக்கு விருந்து. மூன்று மாதமாக நிலத்தில் கிடக்கிறது என்பதால் வெள்ளையை இப்போதே இழந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேக்கை விட்டுவிடுங்கள். 24 அங்குலச் சுற்றளவுத் தேக்கில் 10 அடிக்கு இரண்டரைக் கன அடி. அதில் கணிசமான பங்கு வெள்ளை. தேக்கின் பெயருக்குரிய உறுதி அதன் வைரத்தில் மட்டுமே உண்டு. உங்கள் பிள்ளைகள் வெட்டட்டும்.

அரிந்து முடிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். நல்ல பலகை கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். நம் பக்கத்தில் வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசும் கச்சான் காற்று தெரியும்தானே, வாயில் எச்சில்கூட நிற்காத காற்று. அது ஈரப் பலகையின் மேல்தோலை இரண்டே நாளில் உலர்த்திவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தோல் சுருங்கும், உள்ளுடல் சுருங்காது, பலகை வாய் பிளக்கும். முனைகளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஈரம் நாரின் வழியாகத்தான் மிக விரைவாக வெளியேறும். நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கட்டை போட்டு, ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஓர் அங்குலக் காய்ந்த இடைக்கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வையுங்கள். எல்லா அடுக்கிலும் இடைக்கட்டை ஒன்றின் நேர்மேலே மற்றது நிற்க வேண்டும். விலகினால் அந்த இடத்தில் பலகை தொய்ந்தே காயும். மேலே தகரம், தகரத்தின் மேல் பாரம், மேற்குப் பக்கம் கிடுகுத் தட்டி. மழைக்காலத்துக்குப் பயந்து பிளாஸ்ரிக் தாளால் சுற்றிக் கட்டிவிடாதீர்கள், உள்ளே பூஞ்சணம் பூத்துவிடும்.

எவ்வளவு நாள் காய வேண்டும் என்பதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. நிழலில் அடுக்கிய ஓர் அங்குல வேம்பு எனக்கு நாலு மாதத்தில் வேலைக்கு வந்திருக்கிறது, ஆறு மாதமும் எடுத்திருக்கிறது. மூன்று அங்குல நிலைச்சட்டத்துக்கு ஒரு வருடம் பொறுத்தால் பின்னால் கதவு இறுகாது. ஈரமானி இல்லாவிட்டால் ஒரு வழி: அடுக்கில் ஒரு சிறு பலகையை எளிதில் எடுக்கும்படி வைத்து, வாரம் ஒருமுறை கடைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். மூன்று நாலு வாரம் எடை இறங்காமல் நின்றால், இந்த ஊர்க் காற்றில் அது காய வேண்டிய மட்டும் காய்ந்துவிட்டது. சுருக்கத்துக்கு இடம் விட்டே அரியுங்கள். சீவிய பின் ஓர் அங்குலம் வேண்டுமென்றால் ஒன்றே அரைக்கால், தென்னையில் ஒன்றே கால்.

தேய்பிறையில் வெட்டினால் மரம் உளுக்காது என்று உங்கள் பெரியவர் சொன்னதைப் பற்றி: இரண்டு பிறையிலும் வெட்டியிருக்கிறேன், உளுத்ததும் உளுக்காததும் இரண்டிலும் உண்டு. பிறையை நான் மறுக்கவும் இல்லை, நம்பிக் காத்திருக்கவும் இல்லை. நிச்சயமாகத் தெரிந்தது, உளுவண்டு தேடி வருவது வெள்ளைப் பகுதியில் உள்ள மாச்சத்தை. குற்றியைச் சில வாரம் குளத்தில் ஊறப்போடும் பழக்கம் அந்தச் சத்தைக் குறைப்பதால் பயன் தருகிறது. வாவியின் உப்புத் தண்ணீரில் போட்டால் பலகை மாரியில் வியர்க்கும், ஆணியும் துருப்பிடிக்கும். குளத்துத் தண்ணீர் மேல். அரிந்த கையோடு, ஈரம் இருக்கும்போதே, போராக்சும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீரில் தோய்த்து எடுப்பது அதைவிட எளிது. மழை பட்டால் அது கழுவுண்டு போய்விடும், எனவே உள்வேலைக்கு மட்டும்.

ஆபத்துகளில் காற்றில் சாய்ந்த மரத்தைப் பற்றி ஒன்று மட்டும். வேரோடு புரண்ட வேம்பின் தண்டை அறுத்த நொடியில், வேர்க்கட்டை மண்ணோடு சேர்ந்து பழைய குழிக்குள் நிமிர்ந்து விழக்கூடும். அந்தக் குழிக்குள் பிள்ளைகள் விளையாடிக்கொண்டு நின்ற காணியும் எனக்குத் தெரியும், அன்று கடவுள் இருந்தார். பச்சைக் குற்றி கன மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன். உங்கள் வேப்பங்குற்றி ஒவ்வொன்றும் 350 கிலோவுக்குக் குறையாது. சரிவுப் பலகையில் கயிற்றைச் சுற்றி உருட்டி ஏற்றுங்கள், கீழ்ப்பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது.

சட்டப் பக்கம். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. உங்கள் பட்டியலில் அவை இல்லை. தேக்கைக் காணிக்கு வெளியே கொண்டுபோவதானால் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். மற்ற மரங்களைக் கொண்டுபோவதற்கு முன்னும் கிராம சேவகரிடமும் வன அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதிப்பத்திரம் தேவைப்படாத மரங்களின் பட்டியல் அவ்வப்போது மாறும். மரக்காலைகள் வனத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டியவை. பிழைப்பாக நடத்தும் எண்ணத்தில் இயந்திரம் வாங்குவதானால், சக்கரம் பூட்டிய மரக்காலையும் மரக்காலைதான் என்று எண்ணி, பணம் கட்டுவதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். செயின்சோவுக்கும் பதிவு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். காணியை விட்டு மரம் வெளியே போகாமல், அரிய வருபவரை வரவழைத்து உள்ளேயே அரிந்து அடுக்கினால் உங்கள் அலைச்சலில் பாதி குறையும்.

ஆகவே என் யோசனை: இயந்திரம் வேண்டாம். பதிவோடு தொழில் செய்யும் ஒருவரைப் பத்து நாளுக்குப் பேசி வரவழையுங்கள்; அறுந்த வாளின் விலை யாருடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், சண்டை எல்லாம் அங்கேதான் வரும். தூங்குமூஞ்சியைச் செயின்சோச் சட்டத்தால் பலகையாக்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நாளும் நீங்களே உதவியாளாக நில்லுங்கள். ஒன்பதாம் நாளும் வாள் தீட்ட ஆசை இருந்தால் என்னிடம் மறுபடி கேளுங்கள், எந்த இயந்திரம் என்று பேசலாம்.

அதுவரை பொறுக்காத வேலை ஒன்று இருக்கிறது. கச்சான் தொடங்க அதிக நாள் இல்லை. வீட்டில் மிஞ்சிய பழைய பெயின்ற் எந்த நிறமானாலும் சரி, குற்றிகளின் இரண்டு முனைகளிலும் தடிப்பாக இரண்டு பூச்சு இன்றே பூசிவிடுங்கள். முனை ஏற்கெனவே வெடித்திருந்தால், வெடிப்பு முடியும் இடம் வரை அறுத்துத் தள்ளிவிட்டுப் புது முகத்தில் பூசுங்கள். குற்றிகளுக்கு அடியில் இரண்டு தென்னங்கட்டையைத் தள்ளி, மண்ணை விட்டு உயர்த்திவையுங்கள்.